முகமும் பசையும்: ஒட்டுப்பலகைக்குத் தரம் வகுத்த வரலாறு

வழக்கமாக இங்கே நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். இம்முறை நூல்களைத் தாங்கி நிற்கும் பலகையைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணமும் ஒரு நூலகம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களை எங்கள் தமிழ்த்துறைக்கு மனமுவந்து அளித்தார். அவற்றை வைக்கப் புதிய அலமாரிகள் தேவைப்பட்டன. துறையைச் சேர்ந்த நாங்கள் மூவர் பலகை வாங்கச் சென்றோம். மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டில் படித்த மருதமும் வேங்கையும்தான். கடைக்காரர் ஒரு பிளைவுட் பலகையை நிமிர்த்திக் காட்டினார். தேன்நிறம், சீரான ரேகை, தேடினாலும் கிடைக்காத கணு. “முதல் தரம்” என்றார். எதில் முதல் தரம் என்று கேட்க எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மழைக்காலம் கடந்தது. தரைத்தள அறையின் சுவரில் ஈரம் ஏற, அலமாரியின் கீழ்த்தட்டுகள் முதலில் உப்பின. பிறகு ஓரங்களில் ஏடு பிரிவதுபோலப் பிரிந்தன. ஒரு விடுமுறைக்குப் பின் கதவைத் திறந்தபோது தட்டு ஒன்று இற்று வீழ்ந்திருந்தது. நூல்கள் ஈரத் தரையில் கிடந்தன. கெட்டுப்போனவற்றுள் மறுபதிப்புக் காணாத நூல்களும் இருந்தன. பழுது பார்க்க வந்த முதிய தச்சர், விழுந்த பலகையின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். “பலகைய மூஞ்சில பாக்கக் கூடாது சார், ஓரத்துல பாக்கணும்” என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் இரு தகடுகளுக்கிடையே ஓர் எறும்பு நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னே நூறாண்டுக் காலத் தொழில்வரலாறு ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். அதனை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

குறுக்கும் நெடுக்கும்

மரம் ஈரத்தை உண்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரிவதில்லை. நார் ஓடும் திசையில் அதன் மாற்றம் மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கான திசையில் மிகுதி. வலிமையும் அவ்வாறே. நார்வாக்கில் உறுதியாக நிற்கும் பலகை குறுக்குவாக்கில் எளிதில் பிளக்கும். மரத்தை மென்தகடுகளாகச் சீவி, ஒன்றன் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் அமைத்து ஒட்டினால், ஒரு தகட்டின் அசைவை அடுத்த தகடு தடுத்து நிறுத்தும். இருபுறமும் சமநிலை வேண்டும் என்பதால் தகடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையாக அமையும். ஒட்டுப்பலகையின் சூத்திரம் இவ்வளவே.

இச்சூத்திரத்தை மனிதன் மிகத் தொன்மையிலேயே கண்டுகொண்டான். எகிப்தின் சக்காராவில் மன்னன் ஜோசரின் படிப்பிரமிடுக்கு அடியிலுள்ள சுரங்க அறைகளில் மரச் சவப்பெட்டி ஒன்றின் பகுதிகள் கிடைத்தன. ஏறத்தாழ 4,600 ஆண்டுப் பழமை உடையது. அதன் பலகை ஆறு மென்தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர் கனம். நார்கள் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி அமைந்துள்ளன. தகடுகளை இணைத்தவை சிறு மரமுளைகள். பிற்காலத்தில் இந்தப் பலகைக்கு நேர்ந்த துன்பங்கள் அனைத்தும் பசையால் நேர்ந்தவை என்பதை எண்ணும்போது, முளையை நம்பிய அந்த எகிப்தியத் தச்சன்மீது மதிப்புக் கூடுகிறது.

ஐயத்தின் காலம்

18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் மரத்தகடு வேறொரு தொழிலுக்கே பெரிதும் பயன்பட்டது. மலிவான மரத்தில் மேசை செய்து, அதன்மேல் விலையுயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டினார்கள். இதுவே வெனீர் வேலை. இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தாம் 1797இல் தகடு செய்யும் பொறிகளுக்குக் காப்புரிமை கோரியபோது, பல தகடுகளை ஒட்டிக் கனமான பலகை ஆக்கும் கருத்தையும் அவ்விண்ணப்பத்தில் எழுதினார். ஆனால் மக்கள் மனத்தில் வெனீர் என்ற சொல் ‘மேலே பளபளப்பு, உள்ளே மட்டம்’ என்ற பொருளிலேயே நிலைத்தது.

இலக்கியமும் அதற்குத் துணைபோயிற்று. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1864–65இல் தொடராக வெளியிட்ட ‘அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்’ நாவலில், திடீர்ச் செல்வத்தால் உயர்ந்து, வீட்டில் உள்ள யாவும் புதிதாய் மின்ன வாழும் தம்பதியருக்கு அவர் இட்ட பெயரே வெனீரிங் என்பது. அந்நாவல் நிறைவுற்ற அதே 1865இன் டிசம்பரில், நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மேயோ என்பவர், தகடுகளை நார் மாற்றி ஒட்டிக் கட்டுமானத்துக்கே பயன்படும் பலகை செய்ய அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரே ஆண்டில், ஒரே பொருள், ஓரிடத்தில் போலித்தனத்தின் பெயராகவும் மற்றோரிடத்தில் உறுதிக்கான திட்டமாகவும் எழுதப்பட்டது. இவ்விரண்டில் எது உண்மை என்பது கையிலுள்ள பலகையைப் பொறுத்தது. வாங்குவோன் அதனைக் கண்ணால் கண்டறிய வழியில்லை. தரநிர்ணயத்தின் வரலாறு இந்த இக்கட்டிலிருந்தே தொடங்குகிறது.

ஐயத்தை வென்ற முதல் பெரும் பயன்பாடுகளுள் ஒன்று தேயிலைப் பெட்டி. ரெவால் நகரில், அதாவது இன்றைய எஸ்டோனியாவின் தாலினில், லூதர் நிறுவனம் பூர்ச்ச மரத்தகடுகளால் செய்த பெட்டிப்பலகைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் வெனெஸ்டா நிறுவனம் வழியாக உலகெங்கும் சென்றன. கனம் குறைவு, உறுதி மிகுதி. ஷேக்கிள்டன் 1907இல் தென்துருவப் பயணம் புறப்பட்டபோது உணவுப் பொருள்களை அத்தகைய பெட்டிகளிலேயே கொண்டுசென்றார். துருவக் குளிரில் முடங்கிய அக்குழுவினர் 1908இல் ‘அரோரா ஆஸ்திராலிஸ்’ என்னும் நூலைத் தாமே எழுதி, அச்சடித்து, கட்டமைத்தனர். அண்டார்க்டிகாவில் உருவான முதல் நூல் அது. அட்டைக்கு எங்கே போவது? வெனெஸ்டாப் பெட்டிகளை உடைத்து அப்பலகைகளையே அட்டையாக்கினர். சில பிரதிகளின் உட்புறத்தில் ‘வெண்ணெய்’ போன்ற பண்டப் பெயர்கள் அச்சிட்டபடியே இருக்க, நூலகங்கள் இன்றும் அப்பிரதிகளை அப்பெயர்களாலேயே அழைக்கின்றன. ஒட்டுப்பலகை எங்கள் நூல்களைக் கெடுத்த கதையைச் சொன்ன நாம், அது ஒரு நூலைக் காத்த கதையையும் சொல்லவேண்டும் அல்லவா?

போர்ட்லாந்தின் பலகையும் அதன் வீழ்ச்சியும்

எழுத்துகளால் தரம் குறிக்கும் முறையைப் பின்னாளில் உருவாக்கியது அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு வட்டாரம். 1905இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக, அங்கிருந்த ஒரு சிறு மரப்பெட்டித் தொழிற்சாலையின் மேலாளர் குஸ்தாவ் கார்ல்சன், டக்ளஸ் ஃபிர் மரத்தகடுகளை ஒட்டிச் சில பலகைகள் செய்தார். பசை தடவியது வண்ணம் பூசும் தூரிகையால். அழுத்தியது வீடுகளைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளால். பசையோ விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது. நம் ஆசாரிகள் வச்சிரம் என்று வழங்கும் இனம். நாற்றம் தாங்காது என்பது காய்ச்சியவர்களுக்குத் தெரியும். ஆயினும் கதவு செய்வோர் அப்பலகைகளைக் கண்டு விரும்பிக் கேட்டனர், தொழில் வளர்ந்தது.

1920களில் மோட்டார் வண்டி செய்வோர் இப்பலகையை வாங்கத் தொடங்கினர். வண்டியில் ஏறக் கால்வைக்கும் பக்கப்படிக்கு அது பொருத்தமாக இருந்தது. 1929இல் அவ்வட்டாரத்தில் 17 ஆலைகள் இருந்தன. ஆனால் படியென்பது மழையும் சேறும் படும் இடம். பசை நீருக்குத் தாளவில்லை, தகடுகள் பிரிந்தன. வண்டி நிறுவனங்கள் உலோகத்துக்கு மாறின. ஓர் ஆலை நல்ல பலகையும் அடுத்த ஆலை மோசமான பலகையும் அனுப்ப, வாங்குவோருக்கு இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருந்தன. கெட்டதன் பழி நல்லதன்மீதும் விழுந்தது.

இதற்கு மாற்று 1933 முதல் 1938 வரையான சில ஆண்டுகளில் மூன்று படிகளாக வந்தது. 1933இல் டக்ளஸ் ஃபிர் ஒட்டுப்பலகைக்கான வணிகத் தரநியமம் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஆலைகள் கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்தன. 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்தீனில் இருந்த ஹார்பர் பிளைவுட் நிறுவன வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின், நீரை முழுமையாகத் தாங்கும் பசையை உருவாக்கினார். ஒரு தொழில் முழுமைக்கும் பொதுவான வணிகக்குறியைப் பதிவு செய்ய 1938ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதன்பின் எந்த ஆலையின் பெயர் என்பதைக் காட்டிலும், பலகையின் முதுகில் எந்தத் தர முத்திரை என்பதே வாங்குவோர் கேட்கும் கேள்வியாயிற்று.

எழுத்துகள் சொல்வது

அம்முத்திரையில் இரண்டு செய்திகள் தனித்தனியே நின்றன. ஒன்று தகட்டின் தோற்றம். மற்றொன்று பசை ஈரத்தை எவ்வளவு தாங்கும் என்பது. இவ்விரண்டையும் பிரித்து எழுதியதே பெருஞ்சாதனை என்பது நம் கருத்து.

அமெரிக்க முறையில் தகட்டின் தரத்தை ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் குறிக்கின்றன. ஏ என்றால் வழுவழுப்பானது, வண்ணம் பூசத் தக்கது. அது மாசற்றது என்று எண்ணிவிடக் கூடாது. நான்கடிக்கு எட்டடிப் பலகையின் ஏ முகத்தில், நேர்த்தியாகச் செய்த ஒட்டுகள் பதினெட்டு வரை இருக்கலாம். கணு இருந்த இடத்தைப் படகு வடிவில் வெட்டியெடுத்து, அதே வடிவில் நல்ல மரத்துண்டைப் பதிப்பார்கள். பி தகட்டில் ஓர் அங்குலம் வரையான இறுகிய கணு இருக்கலாம். சி தகட்டில் ஒன்றரை அங்குலக் கணுவும், ஓர் அங்குலக் கணுத்துளையும் இருக்கலாம். டி தகட்டில் இரண்டரை அங்குலத் துளை கூட ஏற்கத்தக்கதே.

இவ்வெழுத்துகளைப் பாராட்டுப் பட்டம் என்று படிப்பது பிழை. இவை ஒவ்வொன்றும் ‘இவ்வளவு குறை வரை இருக்கும், அதற்குமேல் இராது’ என்னும் வாக்குமூலம். டி தகடு தன் துளையை மறைக்கவில்லை. அளவு சொல்லி ஒப்புக்கொள்கிறது. கூரைக்கு அடியில் ஓடு மூடும் இடத்தில் அத்துளை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மறைவிடத்துக்கு ஏ முகம் வாங்குவோன் பணத்தை வீணாக்குகிறான். ஈரமான இடத்துக்கு வெறும் முகம் பார்த்து வாங்குவோன் பலகையையே வீணாக்குகிறான். நாங்கள் இரண்டாமவர்.

இரு செய்திகளும் ஒன்றையொன்று தொடும் இடமும் உண்டு. அமெரிக்கக் கட்டுமானத்தில் பெரிதும் வழங்கும் சி.டி.எக்ஸ். என்ற பலகையில் ஒருமுகம் சி, மறுமுகம் டி. எக்ஸ் என்பதை ‘வெளிப்புறத்துக்கானது’ என்று பலரும் பொருள்கொள்கின்றனர். அது பசையை மட்டுமே குறிக்கிறது. கட்டடம் எழும்பும் காலத்து மழையை அப்பலகை தாங்கும். நிரந்தரமாக வெயிலிலும் மழையிலும் நிற்க அது ஆகாது. முழுமையான வெளிப்புறப் பலகையில் உள்தகடு உட்பட எந்த அடுக்கிலும் டி தகடு இருக்கக்கூடாது என்பது விதி. பசை அதேதான், ஆனால் பெருந்துளை உள்ள இடத்தில் பசை பற்றுவதற்கு மரமே இல்லை. எங்கள் தச்சர் ஓரத்தில் காட்டிய வெற்றிடத்துக்கு, அமெரிக்கர் எழுதிவைத்த விளக்கம் இது.

போரில் ஒரு சோதனை

பசையும் வேலைப்பாடும் உயிர்களையே தாங்கிய காலமும் வந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த மஸ்கிட்டோ விமானம் பெரிதும் மரத்தால் ஆனது. பூர்ச்சத் தகடுகளின் ஒட்டுப்பலகைகளுக்கிடையே இலேசான பால்சா மரத்தை வைத்து அதன் உடலைக் கட்டினர். 1940 நவம்பர் 25இல் அது முதன்முதலாகப் பறந்தது. தொடக்கத்தில் பாலின் புரதத்திலிருந்து செய்த கேசீன் பசையே அதனை இணைத்தது; பின்னர் செயற்கைப் பிசின் வந்தது.

1944இல் இந்தியாவிலும் அதனையடுத்த கிழக்குப் போர்முனையிலும் மஸ்கிட்டோ விமானங்கள் சில உடைந்து வீழ்ந்தன. நவம்பரில் இந்தியாவிலிருந்த அவ்வகை விமானங்கள் பறக்காமல் நிறுத்தப்பட்டன. முதலில் எல்லாரும் பழித்தது நம் நாட்டு வெப்பத்தையும் பருவமழையையும்தான். நிறுவனத்தின் சார்பில் வந்த குழுவும் பருவமழைக்கால ஈரநிலையே காரணம் என்று எழுதிற்று. அடுத்தடுத்த ஆய்வுகள் வேறொன்றைக் கண்டன. இந்திய மழையைக் காணாது இங்கிலாந்திலேயே நின்ற விமானங்களிலும் அதே வகைக் குறைகள் இருந்தன. பொருத்துகள் சரியாக அமையாமல், பசை பற்றாமல், தொழிற்சாலையிலேயே பிழை நேர்ந்திருந்தது. மேற்பூச்சு அதனை மூடியிருந்தது. மழையின்மீது பழிபோடுவது எளிது. எங்கள் அலமாரி வீழ்ந்தபோது நாங்களும் முதலில் மழையைத்தான் ஏசினோம்.

நம் நாட்டு முத்திரை

இந்தியாவில் பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கான தரநியமம் ஐ.எஸ். 303. அதன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பும் இரு கேள்விகளைப் பிரித்தே விடையளித்தது. முகத்தின் தோற்றத்துக்கு ஏ, பி என இரு நிலைகள். பலகையின் இருபுறத்தையும் சேர்த்து ஏஏ, ஏபி, பிபி என மூன்று வகைகள். கணு, பிளவு, பூச்சித்துளை, நிறமாற்றம், ஒட்டு ஆகியன எவ்வளவு வரை ஏற்கப்படும் என்பதற்குப் பட்டியல் உண்டு. பசைக்கு எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்னும் இரு தரங்கள். எம்.ஆர். என்பது ஈரப்பதத்தை ஓரளவு தாங்குவது. 60 பாகை வெந்நீரில் ஊறவைத்துச் சோதிப்பர். பி.டபிள்யூ.ஆர். கொதிநீரில் சோதிக்கப்படுவது. இவற்றுக்கும் மேலே, கப்பல் வேலைக்கான ஐ.எஸ். 710, கடைகளில் ‘மரைன்’ என்பது அதுவே. அதன் பசை 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் பிடிவிடாதிருக்க வேண்டும். எம்.ஆர். பலகையைப் பெரும்பாலும் யூரியா பிசினாலும், கொதிநீர் தாங்குபவற்றைப் பீனால் பிசினாலும் ஒட்டுகின்றனர்.

சோதனைச்சாலையில் கத்தியால் தகட்டை நெம்பிப் பார்ப்பது ஒரு முறை. தகடு பசைக்கோட்டில் வழுக்கிக்கொண்டு பிரிந்தால் பசை தோற்றது. மரத்தின் நார் கிழிந்து, பசை அப்படியே நின்றால் ஒட்டு வென்றது. தான் பிரிவதைவிட மரம் கிழிவதே எளிது என்னும் நிலையே நல்ல பசைக்கு இலக்கணம்.

மற்றொரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும. 1996 டிசம்பர் 12இல் உச்சநீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் இட்ட இடைக்கால ஆணை, வடகிழக்குக் காடுகளை நம்பியிருந்த ஒட்டுப்பலகை ஆலைகளைப் பெரிதும் பாதித்தது. தோட்டங்களில் வளரும் மரங்களை நம்பிய யமுனா நகரும் பெரும்பாவூரும் இத்தொழிலின் பெரு மையங்களாக விளங்குகின்றன. இன்று முகத்தகடு வெளிநாட்டு மரமாகவும், உள்தகடுகள் பாப்லர், யூகலிப்டஸ், ரப்பர் மரங்களாகவும் இருப்பது இயல்பு. அதில் குற்றமில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து உள்ளத்தை ஊகிக்கும் பழைய வழி இப்போது முன்னிலும் பயனற்றுவிட்டது.

மீண்டும் அலமாரிக்கு

எங்கள் அலமாரிப் பலகையின் மீதித்துண்டுகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தோம். தோற்றத்தில் அது ஏ முகத்துக்கு உரியதாகவே இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; ‘முதல் தரம்’ என்ற சொல்தான் அரை உண்மை. பலகையின் எப்பக்கத்திலும் தரமுத்திரை காணப்படவில்லை. முகத்துக்கு ஒரு விடை, பசைக்கு ஒரு விடை என இரண்டு வேண்டிய இடத்தில் ஒரே சொல்லால் நாங்கள் நிறைவடைந்தோம். சொற்களைத் துருவிப் பொருள் காண்பதையே தொழிலாகக் கொண்ட மூவர், கடையில் அத்தொழிலை மறந்தோம் என்பதே இதில் வெட்கத்துக்குரியது.

நூல்களை இழந்த செய்தியை அப்பேராசிரியரிடம் சொல்லச் சென்றோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “மிச்சமுள்ளவற்றை எதில் வைக்கப்போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் முறை கடைக்கு அத்தச்சரையும் அழைத்துச் சென்றோம். அவர் பலகையின் நான்கு ஓரங்களையும் பார்த்தார். விரல்முட்டியால் தட்டி ஒலி மாறும் இடத்தைத் தேடினார். நாங்கள் முத்திரையைப் படித்தோம்: தரக்குறிக்கு மேலே ஐ.எஸ். எண், கீழே உரிம எண், அருகே பி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகள். முகத்தில் இரண்டு கணுக்கள் தெரிந்தன. நிறமும் ஒரே சீராக இல்லை. கடைக்காரர் இதைவிட அழகான பலகை இருப்பதாகச் சொன்னார். எங்களுக்கு இதுவே போதும் என்றோம். மிஞ்சிய நூல்கள் அதில்தான் இருக்கின்றன. அந்தக் கணுக்கள் இரண்டும் நூல்களுக்குப் பின்னே மறைந்துவிட்டன.